ஆத்தா பேர்மேல் ஒழுகின ஆயில்

உட்காருங்க, அம்மிணி. அந்த ராடு மேலே வேண்டாம், கிரீஸ் ஒட்டும். நாற்காலியில் உட்காருங்க.

மகுடேஸ்வரனைப் பத்தி விசாரிக்க வந்திருக்கீங்க. நீங்க சொல்ல வேண்டியதில்லை. கையில் மஞ்சப்பை, காலில் புதுச் செருப்பு. ரிக் வண்டி நிறுத்துகிற யார்டுக்குள் வந்து இப்படித் தயங்கித் தயங்கி நின்றால் வேற எதுக்கு? போர் போடவா வந்தீங்க? பொண்ணு வீடு. பொண்ணோட அம்மாவா? அம்மாதான். கூட ஆம்பளை யாரும் வரலையா? ஓ. எப்ப? சரி, போனவரைப் பத்திப் பேசி என்ன ஆகப் போகுது.

இந்தப் பக்கம் ஒருத்தனுக்குப் பொண்ணு கொடுக்கணும்னா டீக்கடையில் கேட்பாங்க, சலூனில் கேட்பாங்க, கடைசியில் அர்த்தநாரியைக் கேட்பாங்க. நான்தான் அர்த்தநாரி. நான் சொன்னால் முடிஞ்சது. ராசிபுரத்திலிருந்து ஒரு கூட்டம் வந்தது. அப்புறம் பவானியிலிருந்து ஒரு கூட்டம். ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே பேச்சுதான். "என் வாயால் அவனை நல்லவன்னு சொல்ல மாட்டேன்" என்றேன். வைத்த டீயைக்கூடத் தொடாமல் எழுந்து போயிட்டாங்க. பவானிக்காரங்க நிச்சயத்துக்குத் தேதி பார்த்திருந்தாங்களாம். நின்றுபோச்சு. அவன் அம்மாக்காரி இதே வாசலில் வந்து நின்று அழுதாள். அழட்டும். உள்ளதைத்தானே சொன்னேன்?

உங்களுக்கும் அதேதான். நல்லவன்னு சொல்ல மாட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்புங்க.

என்ன?

ஏனா? இது வரைக்கும் வந்தவங்க எவனும் ஏன்னு கேட்கலை. பெரியவர் சொன்னால் சரிதான்னு போனாங்க. நீங்க என்னடான்னா கோர்ட்டில் கேட்கிற மாதிரி கேட்கறீங்க. சரி, கேட்டுட்டீங்க. சொல்றேன். என்ஜின் விஷயம், பொம்பளைகளுக்கு விளங்காது. விளங்கின வரைக்கும் விளங்கட்டும்.

டேய், ரெண்டு டீ! ஒண்ணு சர்க்கரை இல்லாமல்!

என்கிட்ட ஒரே ரிக் வண்டி. இந்த ஊரில் நாலும் அஞ்சும் வைத்திருக்கிறவன் இருக்கான். எல்லாம் கடன். என்னுது ஒண்ணுதான், சொந்த வண்டி. லாரி மேலே இன்னொரு என்ஜின் உட்கார்ந்திருக்கும், பெரிசு. அதுதான் காற்றை அமுக்கிக் கொடுக்கும். அந்தக் காற்றுதான் பாறையைக் குடைந்து தூளை மேலே தள்ளும். அந்த என்ஜின் நின்றால் எல்லாம் நின்றது.

போன ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்தேன். சேலத்திலிருந்து ஆர்ட்டிஸ்ட் வந்தான். இடது பக்கத்தில் இவ்வளவு பெரிய எழுத்தில், மஞ்சளில் சிவப்பு விளிம்பு வைத்து, 'காளியாத்தா துணை' என்று எழுதினான். எங்க குலதெய்வம். தூரத்தில் வரும்போதே கண்ணில் அடிக்கும். ஆர்ட்டிஸ்ட் என்றால் அவன் ஆர்ட்டிஸ்ட். இப்ப வருகிறவனெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டுறான்.

பத்து நாள் ஆகலை. ஆத்தா பேர்மேல் கருப்பாக ஒழுகுது.

என்னன்னு பார்த்தால் பிரீதர். பிரீதர்னா... எந்த என்ஜினா இருந்தாலும் மேலே வெடிக்கிற காற்றில் கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே ஆயில் கிடக்கிற பெட்டிக்கு இறங்கும். அது வெளியே போறதுக்கு ஒரு குழாய் வைத்திருப்பான். அந்தக் குழாய்தான் பிரீதர். காற்றோடு சேர்ந்து ஆயில் புகையும் வரும், சொட்டும். அது சரியாக ஆத்தா பேருக்கு மேலே முடியுது. கம்பெனிக்காரனுக்கு என்ன தெரியும், அங்கே நான் சாமி பேர் எழுதுவேன்னு?

என்ன, தெரியுமா? உங்களுக்கு எப்படித் தெரியும்? மில்லா? எண்ணெய் மில்லு. அவர் போனதிலிருந்து நீங்களேதான் ஓட்டறீங்களா. சரி, சரி. மில்லு என்ஜின் வேற, இது வேற. அது ஒரு இடத்தில் நின்று 'டுக் டுக்'னு அடிக்கும். இது காடு மலையெல்லாம் ஏறும்.

நானே ஒரு வழி செய்தேன். தோட்டத்துக்குத் தண்ணி விடுகிற பச்சை ஹோஸ் இருக்கில்ல? அதை வாங்கி, பிரீதர் வாயில் மாட்டி, கிளிப் போட்டு இறுக்கி, வண்டிக்கு அடியில் இறக்கி, பின்பக்கம் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். சொட்டறது ரோட்டில் சொட்டிட்டுப் போகட்டும். எவனுக்காவது தோணுச்சா? ஆத்தா பேர் கண்ணாடி மாதிரி இருந்தது.

ஹோஸ் எவ்வளவு தொங்கிச்சா? அது எதுக்கு உங்களுக்கு? கொஞ்சம் தொங்கும். வண்டிக்கு அடியில் ஊஞ்சல் மாதிரி. தொங்கினால் என்ன, யார் ஆடப் போறாங்க?

கார்த்திகை முடிஞ்சது. ஒரு நாள் டிரில்லர் நல்லதம்பி ஓடி வருகிறான். "ஓனருங்க, ஆயில் கேஜ் எகிறிப்போய்க் காட்டுல விழுந்துடுச்சுங்க!" ஆயில் எவ்வளவு இருக்குன்னு பார்க்கிற கம்பி அது. சொருகி வைத்தால் துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளியே துள்ளுது. ஆயிலை அடைத்து வைக்கிற முன் சீலில் ஆயில், பின் சீலில் ஆயில். பேக் கம்ப்ரஷன், மேலே வெடிக்கிற காற்று பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே முட்டுது. இதுக்கு மெக்கானிக்கே வேண்டாம், ஊரில் போகிறவனைக் கேட்டாலும் சொல்லுவான், ரிங் போச்சு, என்ஜினைப் பிரின்னு. நான் அன்றைக்கே ரிங், லைனர், பிஸ்டன் எல்லாம் வாங்கி வண்டியில் வைத்துவிட்டேன். பிரித்து மாட்ட ஒரு ஆள்தான் வேணும்.

அப்பத்தான் இவன் வந்து சேர்ந்தான்.

வயசு முப்பதுகூட இல்லை. பின்பக்க ரோட்டில் தனியாகப் பட்டறை போட்டிருக்கான். நல்லதம்பிதான் கூட்டி வந்தான். என்ன கொண்டு வந்தான் தெரியுமா? கொத்தனார் சுவருக்குத் தண்ணி மட்டம் பார்ப்பானே, அந்த டியூப். கண்ணாடி மாதிரி வெள்ளையாக, நீளமாக. அதில் பாதிக்குத் தண்ணி. நான் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன், கொத்தனார் வந்து நிற்கிறான்.

நல்லதம்பியே சிரித்துவிட்டான். "ஏம்பா மகுடு, செவுரு கட்டவா வந்தே?"

"ஆமாங்ணா. உங்க ஓனருக்கும் எனக்கும் நடுவுல ஒண்ணு கட்டோணும்."

கேட்டீங்களா வாயை? என் முன்னாலேயே.

ரிங் செட்டைக் காட்டினேன். "பிரி" என்றேன். "பிரிக்கிறதுக்கு முன்னாடி பார்த்துக்கறனுங்க" என்றான். எதைப் பார்க்கிறது? கேஜ் துள்ளுது, ஆயில் பீச்சுது. கண்ணு தெரியாதவனுக்குக்கூடத் தெரியும். "எவ்வளவு அழுத்தம்னு தெரியாம எப்படிங்க பிரிக்கிறது? எங்கிருந்து வருதுன்னும் தெரியோணுமில்லீங்க" என்றான். காய்ச்சல் வந்தவனுக்கு ஊசி போடுன்னா, எவ்வளவு காய்ச்சல்னு பார்க்கிறானாம்.

முதல்ல எதைக் கேட்டான் தெரியுமா? "பிரீதர் எப்படீங்க இருக்குது?" என்றான். "அதை நான் பார்த்தாச்சு, சுத்தமா இருக்கு. மத்ததைப் பாரு" என்றேன். நம்பிவிட்டான். இதை நல்லாக் கேட்டுக்கோங்க. ஓனர் ஒரு பேச்சு சொன்னால் அப்படியே நம்புகிறான். இவனெல்லாம் எங்கே பிழைக்கிறது?

கேஜ் சொருகுகிற ஓட்டையில் டியூபோட ஒரு முனையை வைத்து ரப்பரைச் சுற்றி அடைத்தான். இன்னொரு முனையை ஒரு குச்சியில் நேராகக் கட்டினான். என்ஜினைச் சும்மா ஓட விட்டான். தண்ணி ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் நாலு விரல் ஏறிச்சு. "சும்மா ஓடினாப் போதாதுங்க, லோடு கொடுங்க" என்றான். பாறையில் விட்டுக் குடையச் சொன்னான். தண்ணி ஏறுது, ஏறுது, ஒரு சாணுக்கு மேலே ஏறி உச்சியில் பீச்சியடித்தது. என் சட்டை மேலே. ஆளுங்க எல்லாம் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறாங்க.

அதோடு விட்டானா? டர்போவைப் பிடுங்கினான். புகையில் சுற்றுகிற காற்றாடி அது. உள்ளே விரலை விட்டு ஆட்டிப் பார்த்தான். "இது நல்லா இருக்குதுங்க" என்றான். திரும்ப மாட்டினான். அப்புறம் என்ஜினை ஓட விட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகிற டீசல் குழாய் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினான். ஒரு சிலிண்டர் ரிங் போயிருந்தால் அதை நிறுத்தும்போது தண்ணி இறங்குமாம். ஆறையும் தளர்த்தி ஆறையும் இறுக்கினான். தண்ணி அசையலை. "ரிங் போகலீங்க. ஒண்ணு போயிருந்தாக் காட்டிக் கொடுத்திருக்கும். ஆறும் ஒரே நாள்ல போகாதுங்க" என்றான். ஒரு பகல் வேலை நாசம். நான் வாங்கி வைத்த ரிங் செட் வெயிலில் காயுது.

கடைசியில் என்கிட்ட வந்தான். கையைத் துடைத்துக்கிட்டே, குரலை இறக்கி, "ஐயா, நீங்க பார்த்த பிரீதரை நானும் ஒருக்காப் பார்த்துக்கறனுங்க" என்றான்.

திமிரைப் பார்த்தீங்களா? நான் பார்த்ததை இவன் பார்ப்பானாம்.

ஹோஸைப் பிடித்துக்கிட்டே போனான். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தான். அந்தத் தொங்குகிற இடத்தை அமுக்கிப் பார்த்தான். கத்தியை எடுத்து ஒரே வெட்டு. என் ஹோஸ்! கருப்பாக, கேழ்வரகுக் கூழ் மாதிரி, ஆயிலும் தண்ணியும் கலந்து அவன் மூஞ்சி மேலேயே கொட்டியது. அது ஒண்ணுதான் அன்றைக்கு எனக்குத் திருப்தி.

டியூபில் தண்ணி சரசரன்னு இறங்கி ஒரு விரலில் நின்றது. லோடு கொடுத்தும் ஒரு விரல்தான். ஆளுங்க கை தட்டுறாங்க. எதுக்குத் தட்டறாங்க? என்ன, ராக்கெட்டா விட்டான்?

"ரிங் செட்டைத் திருப்பிக் கொடுத்துடுங்க. என்ஜின் சுத்தமா இருக்குது. மூச்சை அடைச்சா எதுவா இருந்தாலும் முட்டத்தான் செய்யும்" என்றான்.

இதைக் கேளுங்க, இதுதான் முக்கியம். என்ஜினைப் பிரித்து மாட்டினால் அவனுக்கு எவ்வளவு கூலி வந்திருக்கும்? கையில் வந்து விழுகிற வேலையை வேண்டாம்கிறான். சாமானையும் திருப்பிக் கொடுங்கிறான். இப்படி ஒருத்தன் உங்க பொண்ணுக்குச் சோறு போடுவானா? யோசிச்சுப் பாருங்க.

டீ குடிங்க, ஆறுது.

ஹோஸை வெட்டினானா, பழையபடி ஆத்தா பேர்மேல் சொட்ட ஆரம்பித்தது. "இதுக்கு என்னடா வழி?" என்றேன். என்ன சொன்னான் தெரியுமா? "பேரை அந்தப் பக்கம் எழுதிக்கலாமுங்க. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா. என்ஜின் கோவிச்சுக்கும்."

ஆளுங்க அத்தனை பேரும் சிரித்தாங்க. என் சம்பளத்தில் சாப்பிடுகிறவங்க. நல்லதம்பி பதினெட்டு வயசில் என்கிட்ட வந்தவன். அவன் சிரிக்கிறான், பல்லெல்லாம் தெரியுது. எங்க ஆத்தாவை இடம் மாறி உட்காருன்னு சொல்ல இவன் யார்? "என் வண்டியைத் தொடாதே, போடா வெளியே" என்றேன்.

டியூபில் இருந்த தண்ணியைக் கொட்டினான். சுருட்டித் தோளில் போட்டான். கூலி கேட்கலை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா, அது வேற. போகிறவன் நேராகப் போக வேண்டியதுதானே? நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்து ஆத்தா பேர்மேல் வழிஞ்ச ஆயிலைத் துடைத்தான். ஒவ்வொரு எழுத்தாக, விளிம்பு கலையாமல். மூஞ்சி துடைத்த துண்டு அம்மிணி, அது! அந்த அழுக்குத் துண்டால்!

ரெண்டு நாள் வண்டி ஓடிச்சு. கேஜ் துள்ளலை, சீலில் ஒரு சொட்டு இல்லை. ஆனால் ஆத்தா பேர் மறுபடி கருப்பு. எது முக்கியம்? புது ஹோஸ் வாங்கினேன். முந்தினதைவிட நீளம், கனம். நல்லதம்பி, "வேண்டாமுங்க, மகுடு சொன்னானில்லீங்க" என்றான். "வண்டி மகுடுவோடதா, என்னுதா?" என்றேன்.

மறுபடி கேஜ் துள்ள ஆரம்பித்தது. பார்த்தீங்களா, இவன் பார்த்த லட்சணம்? மெயின் ரோட்டில் பெரிய பட்டறைக்குக் கொண்டுபோனேன். பேர் வேண்டாம். ஏசி ரூமில் உட்கார வைத்தாங்க. ஒருத்தன் தூர நின்றே என்ஜினைப் பார்த்தான். "ரிங் சார்" என்றான். அவன் மெக்கானிக்! டியூப் இல்லை, தண்ணி இல்லை, ஒரே பேச்சு. பிரித்தாங்க. பழைய ரிங்கைக் கையில் கொடுத்தாங்க, புதுசு மாதிரி பளபளன்னு இருந்தது. "என்ன சார் இப்படி மெயின்டெய்ன் பண்ணியிருக்கீங்க!" என்றான் அந்தப் பையன். மனசுக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது தெரியுமா? நல்ல பேச்சு பேசத் தெரிஞ்சவன். எல்லாத்தையும் மாற்றிக் கொடுத்தாங்க. நானே நின்று ஹோஸை மறுபடி மாட்டினேன்.

மாசியில் வண்டி சித்ரதுர்கா பக்கம் போச்சு. பாக்குத் தோட்டம், தண்ணி இல்லாமல் ஓலையெல்லாம் தொங்கிப்போய்க் கிடந்தது. தோட்டக்காரன் கைகூப்பிக்கிட்டே நிற்கிறான். குழி பாதி ஆழம் போயிருக்கும். பின் சீல் பிய்த்துக்கிட்டுப் போச்சு. ஆயில் பீச்சிச் சூடாக இருந்த டர்போ மேலே விழுந்தது. குப்புன்னு தீ. நல்லதம்பி சாக்கை நனைத்துப் போட்டு அணைத்தான். கையில் முழங்கை வரைக்கும் வெந்துபோச்சு. சும்மா மேல் தோல்தான். அதுக்கு அவன் கத்தின கத்து! சேதி தெரிந்து நான் காரில் போய்ச் சேருகிறேன், அப்பவும் முனகிக்கிட்டு ஒரு பாக்கு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கான்.

காற்று நின்றதும் பாறைத் தூள் இறங்கி, குடைகிற ராடு எல்லாம் குழிக்குள் இறுகிப்போச்சு. தோட்டக்காரன் ஆளுங்க வண்டியைச் சுற்றி நிற்கிறாங்க. தண்ணி வராமல் வண்டி நகராதுங்கிறாங்க. கன்னடத்தில் திட்டுறாங்க. திட்டுன்னு தெரியுது, என்னன்னு தெரியலை. பெரிய பட்டறைக்குப் போன் போட்டால் எடுக்கவே இல்லை. வேற ஆளுகளைக் கேட்டேன். எவனும் அவ்வளவு தூரம் வர மாட்டேங்கிறான்.

நான் கூப்பிடலை. இதை எழுதி வைச்சுக்கோங்க, நான் கூப்பிடலை. ஆளுங்கதான் எனக்குத் தெரியாமல் மகுடேஸ்வரனைக் கூப்பிட்டிருக்காங்க. பஸ் மாறி மாறி வந்து இறங்குகிறான். தோளில் அதே டியூப். போடா வெளியேன்னு சொன்ன ஆள்கிட்டத் திரும்பி வருகிறான். மானம், ரோஷம் உள்ளவன் வருவானா? நானா இருந்தால் ஏழு ஜென்மத்துக்கும் வந்திருக்க மாட்டேன்.

வந்தவன் என்னைப் பார்த்து ஒரு வணக்கம் வைக்கலை. என்ஜின் பக்கம்கூடப் போகலை. நேரே நல்லதம்பிகிட்டப் போய்க் கையைப் பிரித்துப் பார்க்கிறான். ஆளுங்க ஏதோ பற்பசையைப் பூசி வைத்திருந்தாங்க. "இத்தனை நேரம் என்னத்தைப் பண்ணிட்டிருந்தீங்க?" என்று கத்தினான். யாரைப் பார்த்துக் கத்தினான்னு எனக்குத் தெரியலை. நான் ராடைப் பத்தி யோசித்துக்கிட்டு இருந்தேன். என் காரை எடுத்துக்கிட்டு, என்னைக் கேட்கக்கூட இல்லை, சாவியைப் பிடுங்கிக்கிட்டு நல்லதம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அங்கேயே உட்கார்ந்துட்டான். வண்டி அப்படியே கிடக்குது. அம்மிணி, நீங்களே சொல்லுங்க. மெக்கானிக்னு வந்தவன் என்ஜினைப் பார்க்கணுமா, கையைப் பார்க்கணுமா?

என்ன, டீயைக் கீழே வைச்சுட்டீங்க?

மத்தியானம் கழித்துத்தான் வந்தான். ஹோஸை வெட்டித் தூக்கி எறிந்தான். சீல் மாற்றினான். டியூபைச் சொருகித் தண்ணி பார்த்தான். ஒரு விரல். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றைக் கொடுத்து, ராடை ஆட்டி ஆட்டி, ஒவ்வொன்றாக மேலே எடுத்தான். ஒரு ராடுகூடப் போகலை. மறுநாள் குழியை முடித்தாங்க, தண்ணி பனை உயரத்துக்கு அடித்தது. தோட்டக்காரன் கண்ணில் தண்ணி. ஒரு மாலையைக் கொண்டு வந்து யாருக்குப் போட்டான்? மகுடேஸ்வரனுக்கு. வண்டி என்னுது, டீசல் என்னுது, ராடு என்னுது, மாலை அவனுக்கு. நான் கர்சீப்பால் மூஞ்சியைத் துடைத்துக்கிட்டு நிற்கிறேன். அவன் அந்த மாலையைக் கழற்றி வண்டி முன்னால் ஆத்தா படத்துக்குப் போட்டுட்டான். நடிப்பு.

கிளம்பும்போது ஆளுங்ககிட்டச் சொல்றான், என்கிட்ட இல்லை: "இனி அந்தக் குழாயை எவனாவது மாட்டினா என்னையக் கூப்புடாதீங்க. பொணத்தைத் தூக்க நான் வர மாட்டேன்." நாக்கைப் பார்த்தீங்களா? நல்ல நேரத்தில் வருகிற பேச்சா இது?

ஆத்தா பேரா? இப்ப வலது பக்கம் இருக்கு. இல்லை இல்லை, அவன் சொன்னதுக்கில்லை! நான் கோயிலுக்குப் போய்ப் பூ கேட்டேன். உங்க பக்கமும் கேட்பீங்கில்ல? வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், ஆத்தா காலடியில் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னேன். வெள்ளை வந்தால் சம்மதம். "பேர் இடது பக்கமே இருக்கட்டுமா, தாயி?" என்று கேட்டேன். சிவப்பு வந்தது. குழந்தை கை சரியில்லைன்னு வேற குழந்தையை வைத்துக் கேட்டேன். சிவப்பு. அப்புறம் கேள்வியை மாற்றி, "வலது பக்கம் மாத்தட்டுமா?" என்றேன். வெள்ளை. ஆத்தாவே சொல்லிட்டாள், மாற்றினேன். இதில் அவனுக்கு என்ன பங்கு? ஊரில் அவன் சொல்லி நான் மாற்றினதாப் பேசறாங்க. அப்படி எவனாவது உங்ககிட்டச் சொன்னால் நம்பாதீங்க.

அதுக்கப்புறம் கேஜ் துள்ளலை. துள்ளாது. ஆத்தா பார்த்துக்கறாள்.

ஆச்சு. இதுதான் அவன் கதை. வாய்த்துடுக்கு. பெரியவங்க பேச்சை ரெண்டாம் தடவை சோதித்துப் பார்க்கிற புத்தி. வருகிற கூலியை விடுகிறவன். வேலையை விட்டுட்டு அடுத்தவன் கையைப் பிடித்துக்கிட்டு ஆஸ்பத்திரியில் உட்காருகிறவன். திட்டினாலும் திரும்பி வருகிறவன். இதுக்கு மேலே நான் என்னத்தைச் சொல்றது? குடிக்கிறானா? குடிக்க மாட்டான். அதுக்குக்கூடத் துணிச்சல் இல்லை.

எதுக்குச் சிரிக்கறீங்க? நான் என்ன கதையா சொன்னேன்?

வண்டியா? இங்கே இல்லை. யார்டு காலியாக இருக்கே, கண்ணு தெரியலையா? அது... அவன் பட்டறையில்தான் நிற்குது. ராஜஸ்தான் போறதுக்கு முன்னால் ஒரு தடவை எல்லாத்தையும் பார்க்கச் சொல்லி விட்டிருக்கேன்.

வேற எங்கே விடறது? இந்த ஊரில் இருக்கிறவனெல்லாம் திருடன். தொட்டால் ரிங், பிடிச்சால் பிஸ்டன். என்ஜினைப் பிரிக்காமல் பார்க்கிறவன் அவன் ஒருத்தன்தான். அதுக்காக நல்லவன்னு சொல்லணுமா? வேலை வேற, குணம் வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க.

எழுந்துட்டீங்களா? சரி. மூணாவது கூட்டமும் போச்சு. நல்லது. பொண்ணைப் பெற்றவங்க, நாலு இடத்தில் விசாரித்து யோசித்துச் செய்யணும். ராசிபுரத்துக்காரங்க மாதிரி நீங்களும் என்னை ஒரு நாள் நினைச்சுப்பீங்க.

ஏனுங்க, அம்மிணி! பஸ்ஸுக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் போனால் அவன் பட்டறைதான் வரும். காதில் விழலையா? நான் இவ்வளவு நேரம் தொண்டை வறளச் சொன்னது என்ன?

அட, போறதே போறீங்க, அவன்கிட்ட ஒரு பேச்சு சொல்லிடுங்க. வெள்ளிக்கிழமை என் வண்டி கிளம்பணும். கல்யாணம் அது இதுன்னு சொல்லி இழுத்தடிக்கக் கூடாது!